டீஸ் என்ற சொல்லின் அட்டை

கடைசியாக அவள் என்னிடம் கேட்டது ஒரு வாக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சாப்பாட்டு மேசைமேல் ஒரு செருப்புப் பெட்டி, அதற்குள் அகராதி அட்டைகள். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. மேலே ஆங்கிலச் சொல், நடுவில் தமிழ்ப் பொருள், கீழே ஓர் உதாரணம், மூலையில் அதைச் சொன்னவரின் பெயர்.

அகராதி அலுவலகத்தில் ஒரு கண்டிப்பான விதி. உதாரணத்தைக் கற்பனை செய்யக் கூடாது. யாரோ யாரிடமோ நிஜமாகவே சொன்னதாக இருக்கவேண்டும். உதாரணம் கிடைக்காத சொல் அச்சுக்குப் போகாது.

என் மனைவி இருபது வருடமாக அந்த வேலையை வீட்டிலிருந்தே செய்தாள். அந்த மாதம் அவளுக்கு வந்திருந்தவை கேலிச் சொற்கள்.

இதற்கு வெளியே அலையவேண்டாம், வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தாள்.

எனக்குத் திக்குவாய். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறேன். பேசத் தேவையில்லாத வேலை என்றுதான் அதில் சேர்ந்தேன்.

ஜியர், கூச்சல் போட்டுக் கேலி செய்வது, அதற்குக் கூட்டம் வேண்டும் என்றாள். பள்ளியில் வருகைப்பதிவின்போது என் முறை வந்ததும், நான் வாய் திறக்கும்வரை வகுப்பே மேசையைத் தட்டி எண்ணும். ஒருநாள் பதினேழுவரை போனது. அதைக் கொடுத்தேன்.

ஸ்னியருக்குச் சத்தம் வேண்டாம், உதட்டோரம் போதும். கடை முதலாளி முதல் நாள் என்னிடம், மெதுவாகச் சொல்லுங்கள், கடை சாயங்காலம்வரை திறந்துதான் இருக்கும் என்றது அதற்குப் போயிற்று.

ஸ்காஃப், ஒருவரால் ஆகாது என்று முன்னாலேயே முடிவு கட்டிச் சிரிப்பது. இவன் சரி என்று சொல்லி முடிப்பதற்குள் பெண்ணுக்குத் தலை நரைத்துவிடும் என்று, கல்யாணம் பேசிய அன்று என் சித்தப்பா சொன்னார்.

மாக் என்பதற்கு மட்டும் என்னிடம் நான்கு இருந்தன. நான்குமே என் திக்கலை எனக்கே செய்துகாட்டியவை. ஒன்று போதும் என்றாள்.

எது ஏளனம், எது இளக்காரம், எது எகத்தாளம் என்று பிரிப்பதற்கு, அவர்கள் எப்படிச் சிரித்தார்கள் என்று விசாரிப்பாள். வாயாலா, மூக்காலா. நான் நடித்துக் காட்டுவேன். அவள் எழுதிப் பெட்டியில் போடுவாள். இத்தனை வருடம் தொண்டையில் வைத்திருந்தவை, ஒரு செருப்புப் பெட்டியில் பாதிகூட வரவில்லை.

மிச்சம் இருந்தது டீஸ். பொருளை எழுதிவிட்டிருந்தாள்: சீண்டல், சிரிக்கவைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருப்பவர் செய்வது.

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டுப் போனவர்கள்.

பக்கத்திலேயே இருந்தவள் அவள் ஒருத்திதான். இருபத்தாறு வருடத்தில் என் திக்கலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் வாக்கியத்தை எனக்காக முடித்துவைத்ததும் இல்லை. அடுப்பில் பால் பொங்கினாலும் நின்று கேட்பாள்.

திருமணப் பதிவு அலுவலகத்தில் மணமகள் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். எழுத்தர் பேனாவால் மேசையைத் தட்டினார். அவள் தன் பெயருக்காகப் பொறுமையாகக் காத்திருந்தாள்.

என் யோசனை முடிகிற வழியாக இல்லை. அவள் பேனாவை மூடிவைத்துவிட்டுத் தேநீர் போட எழுந்தாள். சமையலறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"வாய் திக்கறதுதான் எனக்குத் தெரியும். இப்போ ஞாபகமும் திக்க ஆரம்பிச்சிடுச்சா உங்களுக்கு?"

நான் மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். என் திக்கலுக்கு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. உள்ளே அவளும் சிரிப்பது கேட்டது.

அப்புறம் பாத்திரம் விழுகிற சத்தம்.

இதயம் என்றார் மருத்துவர். வலி தெரிந்திருக்காது என்றார்.

பெட்டியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அகராதி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். ஓர் அட்டையில் மட்டும் உதாரணம் இல்லை, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அந்தச் சொல்லை எடுத்துவிடலாமா என்று சங்கடத்தோடு கேட்டார்.

அவள் கடைசியாகக் கையில் எடுத்த சொல்.

எடுக்கவேண்டாம், வாக்கியம் இருக்கிறது என்றேன். அதைச் சொல்லும்வரை எனக்கே அது தெரியாது.

சொன்னேன். நேரம் பிடித்தது. முடித்ததும் அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு எழுந்து சட்டென்று நின்றது. மன்னிக்கவேண்டும் என்றார் அந்தப் பெண். சிரிப்பதற்குத்தான் அவள் சொன்னாள் என்றேன்.

ஒருவர் சொல்லிக் கடைசியாக எது நம் காதில் விழவேண்டும் என்று யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. எனக்குக் கிடைத்தது அது. தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு நல்லதாக எனக்குத் தோன்றியிருக்காது.

பொருளில் 'பக்கத்திலேயே இருப்பவர்' என்று இருக்கிறது, அப்படியே விடலாமா என்று அவர் தயங்கிக் கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

மூலையில் போடுவதற்குச் சொன்னவர் பெயர் வேண்டும் என்றார். அவருக்குத் தெரியும்தான். ஆனாலும் வாக்கியம் கொடுத்தவர் வாயால் சொல்லவேண்டும், அதுவும் விதி.

வாயைத் திறந்தேன். அவர் காத்திருந்தார்.

பதிவு அலுவலகத்தில் நின்ற அதே முதல் எழுத்தில்தான் இப்போதும் நிற்கிறேன்.