துடுக்கைக் குறித்த செய்தி

எலிசா தீர்க்கதரிசியை மொட்டைத்தலையா என்று கேலி செய்த பிள்ளைகள்மேல் கரடிகள் பாய்ந்த வேதக் கதைக்கு என் பேச்சு வந்தபோது, அப்பா முதல் தடவை கதவைத் திறந்தார்.

கையைக் காட்டி நிறுத்தினேன். சாத்திக்கொண்டு போய்விட்டார்.

2005 ஆகஸ்ட், சனிக்கிழமை காலை ஒன்பது மணி. கேட்டி நகரில் எங்கள் வீட்டுப் படிப்பறை மேசையில் ஸ்பீக்கர் போன். அதற்குள் இருபத்தெட்டுக் குடும்பங்கள், நாட்டின் கிழக்கே நியூஜெர்சியிலிருந்து மேற்கே பிளசன்டன் வரை. வாராவாரம் கான்ஃபரன்ஸ் காலில் நடக்கும் எங்கள் தமிழ் ஜெபக்கூட்டம்.

அன்று தேவசெய்தி என் பொறுப்பு. நன்றாக அமைந்தால் இனிமேல் கூட்டத்தை நானே நடத்தலாம் என்று, அதுவரை நடத்திவந்த பிளசன்டன் ஸ்டான்லி அண்ணன் ஜாடையாகச் சொல்லியிருந்தார். எனக்கு அந்த ஆசை கொஞ்சநஞ்சமில்லை. ஆபீஸில் யாரும் என் பேச்சைப் பத்து நிமிடம் சேர்ந்தாற்போலக் கேட்டதில்லை.

தலைப்பையும் நானே தேர்ந்தெடுத்தேன். துடுக்கையும் அவமரியாதையையும் குறித்து வேதம் என்ன போதிக்கிறது? எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எதிர்த்துப் பேச ஆரம்பித்திருந்த காலம். பெற்றவர்கள் நொந்துபோயிருந்தார்கள். எடுபடும் என்று எனக்குத் தெரியும்.

எடுபட்டது. மோசேயைக் குறை பேசிய மிரியாமுக்குக் குஷ்டம் பிடித்ததைச் சொன்னேன். தகப்பனின் வெட்கத்தை வெளியே போய்ச் சொன்ன காம் என்ற மகனைச் சொன்னேன். துடுக்கு வாய்க்கு வருவதற்கு முன்பே மனதில் குடிவந்துவிடுகிறது என்று குறிப்பில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டேன். எனக்கே பிடித்துப்போயிற்று.

பிறகு நியூஜெர்சி பியூலா அக்கா பத்துக் கட்டளைகளை வாசிக்க வேண்டும். செய்தியின் நடுவில் வேறொரு வீட்டார் வேதம் வாசிப்பது எங்கள் வழக்கம். அந்த நேரத்தில் மற்றவர்கள் போனில் ஸ்டாரையும் ஆறையும் அழுத்தித் தங்கள் சத்தத்தை அடைத்துவிடுவார்கள். மறுபடி அழுத்தினால் சத்தம் திரும்ப வரும்.

நானும் அழுத்தினேன். சரியாக அழுத்தினேனா என்று சந்தேகம் வந்தது. இன்னொரு தடவை அழுத்தினேன்.

குறிப்பைப் புரட்டினால் மூன்றாம் பக்கத்தைக் காணோம். இரண்டுக்கு அடுத்து நான்கு. அக்கா வேகமாக வாசிக்கிறவர்.

அப்போதுதான் அப்பா மறுபடியும் கதவைத் திறந்தார்.

"சொன்னா வெளங்காதா? எப்பப் பாத்தாலும் பின்னாலயே சுத்திக்கிட்டு. போ வெளிய" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

அப்பாவிடம் நான் அதற்குமுன் அப்படிப் பேசியதே இல்லை என்று எழுத ஆசைதான். அவர் ஊரிலிருந்து வந்திருந்த ஐந்து மாதத்தில் பல தடவை பேசியிருக்கிறேன். ஷவரைத் திருகத் தெரியாததற்குப் பேசினேன். கராஜ் கதவைத் திறந்துபோட்டதற்குப் பேசினேன். வெளியே கேட்காமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அக்காவின் வாசிப்பு நின்றது.

அப்பாவின் கையில் மூன்றாம் பக்கம் இருந்தது. பிரிண்டரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். முதல் தடவையும் அதைக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார்.

போனில் ஸ்டான்லி அண்ணன் தொண்டையைச் செருமினார். என் லைன் மியூட் ஆகவில்லை, நான் பேசியது எல்லோருக்கும் கேட்டுவிட்டது என்று மிகவும் மெதுவாகச் சொன்னார்.

யாரைச் சொன்னேன் என்று அவர்கள் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. அப்பா எங்களோடு இருப்பது அவர்களுக்குத் தெரியும். போன வாரம்தான் அவர் அந்தப் போனில் அவர்களுக்காக ஜெபித்திருந்தார்.

அப்பா என் முகத்தையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நிலத் தகராறில், சொந்தத் தம்பிக்கு எதிராகக் கோர்ட்டில் உண்மையைச் சொன்னவர் அவர். அதற்காகப் பத்து வருடம் சித்தப்பா வீட்டு நல்லது கெட்டது எதற்கும் அழைப்பில்லாமல் இருந்தார். சின்னதாக ஒரு பொய் போதும் என்று பாதிரியாரே வந்து கெஞ்சியதாக அம்மா சொல்வாள். அப்பா அசையவில்லை.

அவர் மேசைக்கு வந்து, அந்தப் பக்கத்தை என் முன்னால் வைத்துவிட்டு, போனை நோக்கிக் குனிந்தார்.

"யாரும் தப்பா நெனைக்காதிய. வீட்டு நாய் உள்ள வந்துட்டு. அதத்தான் பையன் ஏசிட்டான்."

ஒவ்வொரு வீடாகச் சத்தம் திரும்பி வந்தது. எல்லாம் சிரிப்பு. யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள். நாய்க்கு என்ன பேர் என்று ஒரு குழந்தை கேட்டது.

அப்பா நிமிர்ந்தார். கதவை நோக்கி நடந்தார்.

எங்கள் வீட்டில் நாய் கிடையாது.

அதைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அப்பா இன்னும் அறையைவிட்டு வெளியே போகவில்லை.

நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.