வயலை அறுக்கும் சாலை

மாவட்டப் பெருந்திட்டத்தைப் புதுப்பிக்க உள்ளாட்சித் தலைவர்கள் கூடியிருக்கும் அறையில், ஏசிக்காக ஜன்னல்களெல்லாம் அடைத்துக் கிடக்கின்றன. மேசையில் விரித்த வரைபடத்தில் கடற்கரையிலிருந்து ஏறிவரும் புதுச்சாலை, ஊராட்சித் தலைவி முத்துக்கனியின் ஊர் வயல்களை நடுவே பிளந்துகொண்டு ஓடுகிறது. "வயலத் தொடவிடமாட்டேன்னு சொல்லியில்லா ஓட்டு வாங்கினேன்" என்கிறாள். எதிரே கடற்கரை ஊராட்சித் தலைவர் ஜெரால்டு, குரலை உயர்த்தாமல் கேட்கிறார்: "கடலு ஏறி வந்தா பிள்ளையளத் தூக்கிட்டு நாங்க எந்த வழியாக்கும் ஓட, அக்கா?" சுனாமியில் அவர் மகளைப் பறிகொடுத்தது அவளுக்குத் தெரியும். "எதிர்ப்பு உள்ளவங்க கை தூக்கலாம்" என்கிறார் அதிகாரி. மேசைமேல் கிடக்கும் தன் கையை முத்துக்கனி பார்க்கிறாள். அது எழவில்லை. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே, வெயிலில் நிற்கும் அவள் ஊர்க்காரர்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.