பொன்வயல் நகருக்கு வந்த பாம்பு

“பாம்பு! பாம்பு!”

ஞாயிற்றுக்கிழமை. கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் பொன்வயல் நகரே கண்ணயர்ந்திருந்த நேரம். அம்சவல்லி போட்ட கூச்சல் கடைசி வீடு வரை கேட்டது.

கதவுகள் படபடவென்று திறந்தன.

எதிர்வீட்டு நடராசன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிவாளோடு வந்தார். கூத்தாநல்லூரிலிருந்து வந்து வீடு கட்டியிருந்த மீரா உசேன், வாங்கியதிலிருந்து மண்ணையே பார்க்காத மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே துரட்டி, துடைப்பம், மூங்கில் கழி என்று கைக்குக் கிடைத்ததோடு தெருவே வந்து நின்றது.

அம்சவல்லிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

அவள்தான் அந்த நகரின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். யார் பொறுப்பேற்பது என்று கேட்டபோது எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் தெரியாத்தனமாக நிமிர்ந்துவிட்டாள். பதவி தலையில் வந்து விழுந்துவிட்டது.

வயலைத் தூர்த்து மனை போட்ட புண்ணியவான், வயலின் ஞாபகத்துக்குப் பெயரையும் ஒரு வாய்க்காலையும் மட்டும் விட்டுவைத்திருந்தார். அந்த வாய்க்காலில் தண்ணீர் போவதைத் தவிர மற்றதெல்லாம் நடந்தது. காட்டாமணக்கு ஆள் உயரம் வளர்ந்திருந்தது. ஆகாயத்தாமரை பூத்துக் குலுங்கியது. யாரோ வீசிய தலையணை ஒன்று வருஷக்கணக்காக அங்கேயே குடியிருந்தது.

போன ஐப்பசி மழையில், வடிய வழியில்லாத தண்ணீர் நேராக அம்சவல்லியின் அடுப்படிக்குள் வந்தது. கணவன் இருப்பது சிங்கப்பூரில். மகளைக் கட்டில்மேல் உட்கார வைத்துவிட்டு விடிய விடிய வாளியால் இறைத்தாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு அழுகை வரும். இதோ, அடுத்த ஐப்பசி பிறக்கப் போகிறது.

‘ஞாயிறு மாலை வாய்க்காலைச் சுத்தம் செய்வோம், அனைவரும் வருக’ என்று வாட்ஸ்அப் குழுவில் வாராவாரம் போட்டாள். எல்லோரும் தவறாமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஆள்தான் வரவில்லை.

இன்றைக்கு ஆள் வந்திருக்கிறது.

“எந்தப் பக்கம்மா போச்சு?” என்றார் நடராசன்.

“அந்தக் காட்டாமணக்குக்குள்ள பூந்துச்சுண்ணே!”

வெட்டினார்கள். பாம்பு இல்லை.

“அந்தாண்ட! அந்தாண்ட ஓடுது பாருங்க!”

அந்தாண்டையும் வெட்டினார்கள். அது சாரை என்றார் நடராசன். சந்தேகமே வேண்டாம், கண்ணாடிவிரியன்தான் என்றார் மீரா உசேன். மாடியில் நின்ற ஒருவர், வாலைத் தானே பார்த்ததாகச் சத்தியம் செய்தார். நேரம் ஆக ஆகப் பாம்பு நீண்டுகொண்டே போனது.

கடைசி வீட்டுப் பிரகதாம்பாள் டீச்சர் மட்டும் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பணி ஓய்வு பெற்றவர், யாரோடும் அதிகம் பேசமாட்டார். எல்லோரும் புதரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அம்சவல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவின் குறுக்கே போகும் சிமெண்டுக் குழாயின் வாயை ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. பாம்பு இதற்குள்தான் இருக்க வேண்டும், இனிப் போக வேறு இடமே இல்லை என்று முடிவாயிற்று. துரட்டிகளை மாட்டி எல்லோரும் ஒன்றாக இழுத்தார்கள். செடியும் சேறும் அந்தத் தலையணையும் மொத்தமாகக் கரையேறின.

குழாய் ஒரு முறை குமுறியது. அப்புறம் தண்ணீர் நகர்ந்தது.

நடவு வயலை ஊரில் குத்தகைக்கு விட்டுவிட்டு வந்தவர்கள்தான் அங்கே பாதிப் பேர். தண்ணீர் ஓடும் சத்தத்தை நின்று கேட்டார்கள்.

“பாய், தண்ணி போவுது பாருங்க!” என்று மீரா உசேனின் தோளைத் தட்டினார் நடராசன். அடுத்தடுத்த வீட்டில் இருந்தும், அவர்கள் இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

அம்சவல்லி உள்ளே போய் டீ போட்டாள். புகையில் கண் கலங்கியது என்று சொல்ல அது விறகடுப்பும் இல்லை. சும்மாவே அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு தட்டோடு வெளியே வந்தபோது, குப்பையைக் கரையிலிருந்து யார் அள்ளுவது என்று தெருவே கூடிப் பேசிக்கொண்டிருந்தது. பாம்பை ஒருவரும் கேட்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். டீச்சர் மட்டும் டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டு நின்றார். விளக்கு வைத்த பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டார். பூச்சி என்றுதான் சொல்வார்.

“நல்ல பூச்சிம்மா. எங்கெங்க அடைச்சிருந்துச்சோ, அங்கங்க பார்த்துத்தான் போச்சு.”

அம்சவல்லிக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

டீச்சர் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

“எங்க வீட்டுக்குப் பின்னால, மதகுக்கிட்ட இன்னும் அடைச்சுக் கெடக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை அங்க வரட்டும். நான் கத்துறேன்.”

அம்சவல்லிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. கூடவே செயலாளரும் திரும்பி வந்துவிட்டாள்.

“காலையிலயே கத்திடுங்க டீச்சர். கறிக்கொழம்பு சாப்பிட்டுப் படுத்துட்டா எழுப்புறதுக்குள்ள தொண்டை கட்டிக்குது.”