அணைக்குப் போன கதை

உம்மு சல்மா மூன்றாவது தட்டையும் வைத்துச் சோறு போட்டபோது மன்சூர் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு தட்டு அவளுக்கு. ஒன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்திருக்கும் கொழுந்தன் மன்சூருக்கு. மூன்றாவது, ஏழு மாதமாக வீடு திரும்பாத அவள் கணவன் சேக் பரீதுக்கு.

பரீது ஆத்தூர் அணைப் பக்கம் ஆட்டுத்தோல் வாங்கப் போனவன். அவனுடைய பைக் மட்டும் கொடைரோடு ஸ்டேஷன் வாசலில் கிடைத்தது. ரயிலேறிப் போயிருப்பான் என்று மதுரை, திருச்சி, சென்னை எல்லாம் தேடி ஓய்ந்துவிட்டார்கள்.

இனி அவன் இல்லை, ஃபாத்திஹா ஓதிவிடலாம் என்று சல்மாவைப் பெற்ற அத்தா நேராகவே சொல்லிப் பார்த்தார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுடைய அண்ணன்மார் சொன்னபோதும் அதேதான் நடந்தது.

நேராகச் சொன்னால் ஏறாத காதில் கதையாகச் சொன்னால் ஏறும் என்று மன்சூர் நினைத்தான். அவன் அப்படியொன்றும் கதைகாரன் இல்லை. ஆனால் அந்தத் தட்டு போனால்தான் அவனுக்கு ஒரு வாய் சோறு இறங்கும், கொஞ்சமாவது தூக்கம் வரும்.

பரீதின் தட்டுக்கு முன்னால் பாய் ஈரமாக இருந்தது. தம்ளர் சாய்ந்திருக்கும் என்று பார்த்தான். தம்ளர் நிமிர்ந்துதான் இருந்தது.

மதினி, ஒரு கதை கேளுங்கள் என்று ஆரம்பித்தான்.

தொழுகையில்கூட அந்தக் கதைதான் அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தி ஆசை ஆசையாக ஒரு கிடா வளர்த்தாள். மேயப் போன கிடா மலையில் வழி தப்பிவிட்டது. அவளானால் தினமும் தொழுவத்தில் தழை கட்டிவைத்துக் காத்திருந்தாள். தழை காய்ந்ததுதான் மிச்சம். இவ்வளவுதான் அவன் சொல்ல வந்தது.

வாயைத் திறந்ததும் கதை வேறு பக்கம் போய்விட்டது.

கிடா மலை ஏறவில்லை. அணைக்குப் போனது. தண்ணீர் குடிக்க இறங்கியது. சேற்றில் முன்னங்கால் புதைந்தது. இரண்டு தடவை கத்தியது. மூன்றாவது தடவை வாயைத் திறந்தபோது தண்ணீர் உள்ளே போய்விட்டது.

நிறுத்த நினைத்தும் அவனால் நிறுத்த முடியவில்லை. தன் குரலைக் கேட்க அவனுக்கே பயமாக இருந்தது.

சல்மா கன்னத்தில் கைவைத்து முழுக்கக் கேட்டாள். பிறகு ஒரு துணியை எடுத்துப் பாயைத் துடைத்தாள். துணியில் கறுப்பாகச் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது.

"நீங்க சொல்றது சரிதான் தம்பி. கிடா இனி உசுரோட வராது."

ஏழு மாதத்தில் இப்போதுதான் ஒப்புக்கொள்கிறாள். மன்சூருக்கு நெஞ்சு லேசானது. சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்தான்.

"உங்க அண்ணனும் வெள்ளிக்கெழமையானா இங்ஙன உக்காந்து இதே கதையத்தான் சொல்லுறாக. ஆனா அவுக சொல்லுறப்ப ரெண்டு கிடா போகுது. ஒண்ணு கரையில நின்னு பாத்துக்கிட்டே இருக்கு."

அன்றைக்கு அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து தானும் ஆத்தூர் போனதை மன்சூர் இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அந்த பைக்கைத் தனியாக ஓட்டிப் போய் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியதையும்.