பத்தாம் நாள் கண்கட்டு

கோவர்த்தனன் குனிந்தார். அவருடைய கை ஏகாம்பரத்தின் கண்கட்டுக்கு ஒரு விரற்கடை உயரத்தில் வந்து நின்றது. சித்தூர் ஜெயில் ஆஸ்பத்திரியின் அந்தச் சின்ன அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"லேசா இடிச்சாலே போதும், கண்ணு போயிடும். பத்து நாளைக்கு அசையக் கூடாது" என்று ஆபரேஷன் செய்த மிஷன் டாக்டர் சொல்லியிருந்தார். இன்று பத்தாம் நாள்.

கட்டின்மேல் உட்கார்ந்த ஈயை விரட்டிவிட்டுக் கோவர்த்தனன் கையை எடுத்துக்கொண்டார்.

"யாரு சாமி, நீயா?" மல்லாந்து படுத்திருந்த ஏகாம்பரம் கேட்டான்.

"அவுனு" என்று தெலுங்கில் ஆமாம் போட்டுக் கிசுகிசுத்தார். அந்த அறைக்குள் அவர் தமிழில் வாய் திறந்ததே இல்லை. திறந்தால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவான்.

"தெலுங்குக்காரனா இருந்தாலும் நீ மனுசன்யா. பெத்த தாய் கூட இப்படிப் பாத்துக்க மாட்டா. கட்டு அவுத்ததும் மொதல்ல உன் மூஞ்சத்தான் பாக்கணும்."

கோவர்த்தனன் பல்லைக் கடித்தபடி அவன் வாயைத் துடைத்துவிட்டார்.

இருவரும் புத்தூர்ப் பக்கத்து ஊரில் பங்காளிகள். ஊர் ஆந்திராவுக்கா, மதராசுக்கா என்ற எல்லைச் சண்டையின்போது, விசாரிக்க வந்த ஆந்திர அதிகாரிகளைக் கோவர்த்தனன் தம் வீட்டில் தங்கவைத்தார். அவர் கிராம முன்சீப். அது அவர் கடமை. மறுமாதம் மகள் அலர்மேல்மங்கையின் நிச்சயதார்த்தப் பந்தியில், சோறு விழுந்ததும் ஏகாம்பரம் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"துரோகி வூடு" என்றான். அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டாரும் எழுந்து போனார்கள். அலர்மேல்மங்கைக்கு அதன்பிறகு ஒரு வரனும் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து, தாலுகா ஆபீஸில் கல்லெறிந்த வழக்கில் ஏகாம்பரத்துக்கு ஓராண்டு ஜெயில். கைதிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போகும் மிஷன்காரர்களுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும், கோவர்த்தனன் மகளோடு சித்தூருக்கு வந்து வாடகை வீடு எடுத்தார். நெற்றி நாமத்தோடு அவர்களுடைய ஜெபத்தில் தலைகுனிந்து நின்றார். ஊரில் சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

ஏகாம்பரத்துக்குக் கண் ஆபரேஷன் என்று முடிவானதும், அவனை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். கஞ்சி கொண்டுவருவது, ஊட்டுவது, உடம்பு துடைப்பது, மலச்சட்டி எடுப்பது எல்லாமே அவர்தான். தலைமுறை தலைமுறையாக மணியம் பார்த்த குடும்பத்தில் எவரும் செய்யாத வேலை.

தாழ்வாரத்தில் மிஷன் டாக்டர் ஜெயச்சந்திரன் எதிர்ப்பட்டார்.

"கேக்கணும்னே இருந்தேன் ஐயா. மொட்டை எதுக்கு?"

"ஆபரேஷனுக்கு மொத வாரம் அலிபிரியில இருந்து நடந்தே மலையேறிப் போய்ப் பெருமாளுக்கு முடி குடுத்தேன். இவனுக்குக் கண்ணு பளிச்சுனு தெரியணும், டாக்டர். மங்கலாத் தெரிஞ்சா பிரயோஜனமில்ல."

டாக்டர் நெகிழ்ந்துபோனார். "உங்களுக்கு வேண்டியவரா?"

"பங்காளி."

"அதான் பார்த்தேன். ரத்தம் விட்டுப் போகுமா?"

"போகாது" என்றார் கோவர்த்தனன்.

கட்டு அவிழ்ப்பதைப் பார்க்க, அதே வழக்கில் உள்ளே வந்த ஊர்க்காரர்கள் நாலு பேர் ஜன்னல் கம்பிக்கு வெளியே முண்டியடித்தார்கள். டாக்டர் சின்னதாக ஒரு ஜெபம் சொல்லிவிட்டுக் கட்டைச் சுற்றிச் சுற்றி எடுத்தார். தடித்த கண்ணாடி ஒன்றை ஏகாம்பரத்தின் மூக்கில் மாட்டினார்.

"என்ன தெரியுது?"

ஏகாம்பரம் இமைத்தான். "கம்பி தெரியுது... அடேய், அது துலுக்காணம் தானே? பல்லக் காட்டிக்கினு நிக்கிறான் பாரு!"

ஜன்னலில் ஒரே சிரிப்பு. "யோவ், கண்ணாடியில மாப்ள மாதிரி கீறே!"

"இருடா. எனக்கு ஊட்டின சாமி எங்க?"

கோவர்த்தனன் கட்டிலுக்கு முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார். ஏகாம்பரம் கைகூப்பினான். மொட்டைத் தலையைப் பார்த்தான், நாமத்தைப் பார்த்தான். கூப்பிய கை மெல்லப் பிரிந்தது.

"முன்சீப்பு! நீயா?"

ஜன்னலில் சிரிப்பு நின்றது. டாக்டர் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

ஏகாம்பரத்துக்கு முகம் கறுத்தது. நாலு பேரும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினான். "கால் கை புடிச்சி ஒறவு கொண்டாடலாம்னு வந்தியா? அன்னிக்கு எழுந்தவன் எழுந்தவன்தான்! பட்டினி கெடந்து செத்தாலும் உன் வூட்டுப் பருக்க ஒண்ணு என் வாயில படாது. பட்டா நான் எங்க நைனாவுக்குப் பொறந்தவன் இல்ல!"

கோவர்த்தனன் அவன் பக்கம் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, அந்த அறையில் முதல்முறையாக உரக்கத் தமிழில் பேசினார்.

"பத்து நாளா இவன் துன்னது என் பொண்ணு ஆக்கின சோறுடா."