கூழாங்கல் தெரியாத கடல்

"கடல் எங்க தம்பி?" என்றார் கல்யாண மண்டபக்காரர்.

ஸ்டூடியோ மேஜை மேல் ஒரு படம். அவருடைய மகளும் மாப்பிள்ளையும் கடலில் இறங்கி நின்று சிரிக்கிறார்கள். சுற்றிலும் ஒரே வெள்ளைப் பளபளப்பு.

"இதான் சார் கடல்," என்றார் போட்டோகிராபர்.

"இதுவா? தகரம் மாதிரி மின்னுது. அன்னிக்கு என்ன சொன்னீங்க? போலரைசர் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு, லென்ஸ் முன்னாடி மாட்டித் திருப்பினா தண்ணி மேல இருக்கிற பளபளப்பு போயிடும், அடியில கிடக்கிற கூழாங்கல்லைக்கூட எண்ணிக்கலாம்னு சொன்னீங்களா இல்லையா?"

சொன்னது உண்மைதான். அந்த ஃபில்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போட்டோகிராபர் லேசில் வாயை மூட மாட்டார்.

"மாட்ட மறந்துட்டேன் சார்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சட்டென்று திரும்பினாள். பல் தேய்க்க மறந்தாலும் மறப்பாரே தவிர, ஃபில்டரை மறக்கிற ஆள் இல்லை அவர்.

"பொய் சொல்லாதீங்க. நான் கரையில நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? பாறை மேல ஏறினீங்க. ஃபில்டரை மாட்டினீங்க. திருகு திருகுன்னு திருகினீங்க. ஒரே ஒரு படம் எடுத்தீங்க. அப்புறம் என்ன வந்துச்சோ, அதைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டீங்க."

போட்டோகிராபர் தலையைச் சொறிந்தார்.

படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மண்டப வாசலில் மாட்டுவதாகப் பேச்சு. நன்றாக வந்தால், இனி அந்த மண்டபத்தில் நடக்கிற எல்லாக் கல்யாணத்துக்கும் இவர்தான் போட்டோகிராபர். அந்த நம்பிக்கையில் மனைவி இரண்டாவது கேமராவுக்குக் கடைகூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

"எனக்குப் பிடிச்சிருக்கு மாமா," என்றார் பெண்டாட்டியோடு கூட வந்திருந்த மாப்பிள்ளை. வந்ததிலிருந்து அவர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

காரணம் இருந்தது. மாப்பிள்ளை பெண்ணைவிட நாலு விரல் குட்டை. கல்யாணத்தன்று சொந்தக்காரர் ஒருவர், "போட்டோவுக்கு மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்டூல் போடுங்கப்பா" என்று குரல் கொடுக்க, மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதற்கப்புறம் எடுத்த ஒரு படத்தில்கூட அவர் நிற்கவில்லை. எல்லாவற்றிலும் உட்கார்ந்திருந்தார்.

இந்தப் படத்திலோ பெண்ணைவிட அவர் ஒரு தலை உயரம்.

"பாத்தியா? பக்கத்துல நின்னா நான் ஒண்ணும் அவ்வளவு குட்டை இல்ல," என்றார் பெண்டாட்டியிடம்.

"அதைத்தானே நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். நம்ம சொந்தக்காரங்க கண்ணுலதான் கோளாறு."

மண்டபக்காரர் படத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இதென்ன, மாப்பிள்ளைக்குத் தண்ணி முழங்கால்ல நிக்குது, பொண்ணுக்கு இடுப்புல நிக்குது? ரெண்டு பேரும் ஒரே கடல்லதானே நின்னீங்க?"

"அலை மாமா," என்றார் மாப்பிள்ளை.

"அலைப்பா," என்றாள் மகள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"அன்னிக்கு அலையே இல்லையே?"

"லேசா ஒண்ணு வந்துச்சு சார்," என்றார் போட்டோகிராபர். "ஒரு பக்கமா வந்துச்சு."

மண்டபக்காரர் படத்தை மேஜையில் போட்டார். "என்னமோ போங்க. இதை வாசல்ல மாட்டினா வர்றவன் போறவன் எல்லாம் சிரிப்பான். மண்டபத்துக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"அப்ப நாங்க எங்க ரூம்ல மாட்டிக்கறோம்," என்று மாப்பிள்ளை படத்தை எடுத்துக்கொண்டார்.

அவர்கள் படியிறங்குகிற வரைக்கும்தான் மனைவிக்குப் பொறுமை இருந்தது.

"ஏங்க, உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? வீடு தேடி வந்த வேலையை ஒரு கண்ணாடியைக் கழட்டி விட்டுட்டீங்களே. என்னதான் ஆச்சு அன்னிக்கு?"

போட்டோகிராபர் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்தார். ஃபில்டர் மாட்டி எடுத்த அந்த ஒரே படம்.

கூழாங்கல்லை உண்மையிலேயே எண்ணலாம். அவர் பீற்றிக்கொண்டதில் ஒரு சொல் பொய் இல்லை.

கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு பெரிய கல். அதன் மேல், குதிகாலை வேறு தூக்கிக்கொண்டு, மாப்பிள்ளை.

"அடப்பாவமே, கல்லு மேல ஏறி நிக்கிறாரா? பொண்டாட்டிக்குத் தெரியாமலா?"

"அந்தப் பொண்ணைப் பாரு."

பக்கத்தில் மகள். இல்லாத நாற்காலியில் உட்காரப் போகிறவள் மாதிரி இரண்டு முழங்காலையும் மடக்கிக்கொண்டு நிற்கிறாள். தண்ணீருக்கு மேலே அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

"முக்கால் மணி நேரம் அப்படியே நின்னுச்சு. அது காலை மடக்கினது அவருக்குத் தெரியாது."

மனைவிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"இதைக் குடுத்திருந்தா மண்டப வேலை நமக்குத்தானே?"

"நமக்குத்தான். அவர் வாசல்ல பெருசா மாட்டியிருப்பார். சொந்தக்காரங்க எல்லாம் வந்து நின்னு கூழாங்கல்லை எண்ணியிருப்பாங்க."

மனைவி மவுஸை அவர் கையிலிருந்து வாங்கி, அந்தப் படத்தை அவளே அழித்தாள்.