ஆறாவது ஃபெயில்

"இந்தத் தடவையும் ஃபெயிலா?"

சாரணர் படையை நடத்தும் டீச்சர் நம்ப முடியாமல் நோட்டை வாங்கிப் பார்த்தாள். முதலுதவிப் பரீட்சை வைக்க மாதாமாதம் பள்ளிக்கு வரும் நர்ஸ் அழுத்தமாக எழுதியிருந்தாள்: 'கட்டு தளர்வு. அவசரம் கூடாது. மறுபடி பழகவும்.'

ஆறு மாதத்தில் ஆறாவது ஃபெயில்.

வேறு யாராவது என்றால் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பாள். இது அணில்! படையிலேயே படுசுட்டி என்பதால் வந்த பட்டப்பெயர்.

வருஷ ஆரம்பத்தில் படை நட்ட கன்றுகளில் பாதி காய்ந்துபோக, அணில் நட்ட ஐந்தும் தழைத்து நின்றன. மழைக்காலத்தில் பள்ளி வாசலில் விசில் ஊதி லாரியையே நிறுத்தியவள் அவள். முகாமில் கூடாரம் காற்றில் பறந்தபோது, மற்றவர்கள் வாயைப் பிளந்து நிற்க, கயிற்றைத் தாவிப் பிடித்து முடிச்சுப் போட்டவளும் அவள்தான்.

போன மாதம் நடைப்பயணத்தில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. அணில் போட்ட கட்டைப் பார்த்த டாக்டர், "இதை நான் தொடவே வேண்டாம்" என்றார்.

அந்தக் கைக்குப் பரீட்சையில் மட்டும் என்ன வந்தது?

"ஏண்டி, பரீட்சைன்னா பயமா?"

"இல்ல மிஸ்."

"பின்னே?"

அணில் ஷூ நுனியால் தரையைக் கீறினாள். வாயில் கொழுக்கட்டையா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது டீச்சருக்கு.

"இந்த மாசம் மட்டும் ரெண்டு பரீட்சை. அடுத்த வெள்ளிக்கிழமையே கடைசி. முப்பத்திரண்டு பேரும் பாஸானாத்தான் நம்ம படைக்குக் கேடயம். முப்பத்தோரு பேர் பாஸ். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மிஸ்."

ஃபெயிலானவர்கள் சனிக்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போய், அங்கே யாருக்காவது கட்டுப் போட்டுப் பழக வேண்டும். நர்ஸ் எழுதிய குறிப்புக்குக் கீழே, கட்டுப் போட்டுக்கொண்டவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இது படையின் விதி. ஆரம்பத்தில் எட்டுப் பேர் போனார்கள். இப்போது அணில் மட்டும்தான்.

அப்படி என்னதான் பழகுகிறாள்? அந்தச் சனிக்கிழமை டீச்சரும் பின்னாலேயே போய்விட்டாள்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர் இடது கையைத் தயாராக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் டிரைவர் தாத்தா.

"என்ன ஆச்சு ரிசல்ட்டு?"

"ஃபெயில், தாத்தா!"

"அப்பாடா! குடு, குடு."

நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "'அவசரம் கூடாது...' எனக்கே சொல்ற மாதிரி இருக்கு பாரு."

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"ஏங்க, குழந்தை ஃபெயிலானதுல உங்களுக்கு அவ்வளவு சந்தோஷமா?"

பெரியவர் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அணில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். இது... என் பொண்ணு எழுத்து."

"யாரு, அந்த நர்ஸா?"

"ஆமாம்மா. ஏழு வருஷமாச்சு பேசி. மனசுக்குப் பிடிச்சவரைக் கட்டிக்கிட்டா. நான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். வண்டிக்கு ரிவர்ஸ் கியர் இருக்கு, வாய்க்கு இல்லையே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் தடவை இவ நிஜமாவே ஃபெயிலாகித்தான் வந்தா. எழுத்தைப் பார்த்ததும் அழுதுட்டேன். அதிலிருந்து இந்தக் கழுதை பாஸாக மாட்டேங்குது."

"பாஸானா நோட்டு முடிஞ்சிடும் மிஸ்," என்றாள் அணில் மெல்ல.

டீச்சர் நோட்டை எட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் முப்பத்தோரு பிள்ளைகளின் ஒரு வருஷ உழைப்பு. இன்னொரு பக்கம் இந்த நாலு வரி.

பெரியவரே பேசினார்.

"இந்தத் தடவை ஒழுங்கா கட்டுடி. என்னால உங்க படை தோத்துதுன்னு இருக்கக் கூடாது. எனக்கு இது போதும்."

குறிப்புக்குக் கீழே நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை. படை மொத்தமும் சுற்றி நிற்க, அணில் கட்டுப் போட்டாள். துணி எங்கும் சுருங்கவில்லை, முடிச்சு நகரவில்லை. நர்ஸ் விரலால் தடவிப் பார்த்தாள்.

"பாஸ்."

முப்பத்தோரு பேரும் குதித்தார்கள். அணில் மட்டும் மூக்கை உறிஞ்சினாள்.

சத்தம் அடங்கியதும் டீச்சர் கை நீட்டினாள். "நோட்டைக் கொடுங்க சிஸ்டர். இனிமே இது தேவைப்படாது."

நர்ஸ் கொடுக்கவில்லை. கடைசிக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், அதற்குக் கீழே ஏதோ எழுத ஆரம்பித்தாள். இரண்டு வரி எழுதி, பாதியிலேயே பேனாவை மூடிவிட்டாள்.

"இவ வேணும்னே தளர்த்திக் கட்டறான்னு ரெண்டாவது மாசமே தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சுமா சிஸ்டர் ஃபெயில் போட்டுக்கிட்டே வந்தீங்க?"

நோட்டைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, நர்ஸ் அணிலின் கன்னத்தைத் தட்டினாள்.

"எங்கப்பா கையெழுத்து மாசத்துக்கு ஒண்ணு வந்துக்கிட்டிருந்துதே, அதை நிறுத்த மனசு வரல. நாளைக்கு நீ போக வேண்டாம் கண்ணு, நான் போறேன்."